பார்க்குக்கு ஒரு நாள், கடலுக்கு ஓர் இரவு

முழுப்பரீட்சை முடிந்துவிட்டால் அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் வேன்களுக்குக் கிராக்கி வந்துவிடும். நாலு வீடு சேர்ந்து ஒரு வண்டி பேசுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆலத்தியூரில் ஏறினால் விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை தாண்டி, விடியும்போது சென்னைப் பக்கம் போய்ச் சேரலாம். பார்க் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நிற்பார்கள். பகல் முழுக்க ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும். இருட்டியதும் அதே வேன், அதே ஓட்டுநர், அதே சாலை. பள்ளிக்கூடத்து டூரும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் நடக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்குப் போகிறவர்களுக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஆனாலும் நம் பிள்ளைகளில் பலர் கால் நனைக்காமலே திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பயணத்தோடு கடற்கரையில் ஓர் இரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த வாரம் எழுதுகிறேன்.

“பார்க் டிக்கெட்டுக்கே தலைக்கு எவ்வளவு ஆவுது, இதுல ரூம் வாடகை வேறயாண்ணே?” என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டது. நியாயமான கேள்வி. நூறு நாள் வேலைக் கூலியையும் முந்திரி விற்ற காசையும் சேர்த்து வைத்துப் பிள்ளைகளை அழைத்துப் போகிற வீடு அது. அந்தக் காசு யாருக்கெல்லாம் சந்தோஷம் தருகிறது என்று பார்த்தால் பதில் தெரியும்.

கேளிக்கைப் பூங்கா இளவட்டங்களுக்கான இடம். பெரிய ராட்டினங்களில் ஏற உயரக் கணக்கு உண்டு; சின்னப் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். பல பூங்காக்களில் நைலான் நீச்சல் உடை இல்லாமல் குளத்தில் இறங்க முடியாது. சேலை கட்டிய அம்மாக்கள் கரையோடு சரி. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் இதய நோயாளிகளும் ஏறக்கூடாது என்று ராட்டினத்துக்கு ராட்டினம் பலகை இருக்கும். அப்பாயி என்ன செய்யும்? “நீங்க போய் ஆடிட்டு வாங்க சாமி, நான் பையைப் பாத்துக்கறேன்” என்று ஒரு நிழலில் உட்கார்ந்துவிடும். டிக்கெட் எடுத்து உள்ளே வந்து, பகல் முழுக்கப் பைக்குக் காவல். இதைக் குடும்பச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடற்கரையில் உயரக் கணக்கும் உடைக் கணக்கும் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை மணலில் குழி தோண்டும். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நிற்பாள். அப்பாயி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். அதற்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் அதற்கு இரவு தங்க வேண்டும். நண்பகலில் போனால் மணல் காலைச் சுடும், பத்து நிமிடத்தில் பிள்ளை அழும். நம் கிழக்குக் கரையின் பெரிய வரம் கடலிலிருந்து சூரியன் எழுவதுதான். விடிகாலையில் கரையில் இருப்பவர்களுக்கே அது கிடைக்கும். கோவளம் போன்ற மீனவ ஊர்களில் படகுகள் கரையேறி வலை உதறுவதும் காலையில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் கோடை விடுமுறையிலும் அந்தக் காட்சி கிடைக்கும்.

ஓட்டுநரையும் நினைக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவர், பகலில் வெயில் ஏறிய வண்டிக்குள் அரைத் தூக்கம் போட்டுவிட்டு, மறுபடி ராத்திரி முழுக்கத் திருச்சி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார். பின்னால் இருபது உயிர்கள் அசந்து தூங்குகின்றன. ஓர் இரவு அறை எடுத்தால் முதலில் தூங்க வேண்டியவர் அவர். வாடகைக் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வழியும் இப்போது எளிதாகியிருக்கிறது. முன்பு பார்க் என்றால் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா, பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட், கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். 2025 டிசம்பரில் திருப்போரூரை ஒட்டிய இள்ளலூரில் வொண்டர்லாவும் வந்துவிட்டது. சென்னை நெரிசலுக்குள் போகாமலே இள்ளலூர் போகலாம். அங்கிருந்து கோவளமும் மாமல்லபுரமும் பக்கம். வேன் வேண்டாம் என்றால் அரியலூரில் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்குங்கள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், பேருந்து உண்டு.

பார்க் முதலில், கடல் பிறகு என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆடிக் களைத்த உடம்புக்கு அந்தச் சாயங்காலக் காற்று ஓய்வு. சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். சென்னைக்காரர்கள் வந்து குவியும் நாள் என்பதால் வாடகை ஏறும். மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி இருக்கிறது. சின்னத் தங்கும் விடுதிகளும் ஏராளம். காலையில் கடல் பார்த்த கையோடு கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிடலாம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பார்க்கின் அலைக்குளத்தில் தரை சமமாக இருக்கும், ஆழத்துக்கு அளவு இருக்கும், அலையை நிறுத்த ஆள் இருப்பார். அதில் குதித்துப் பழகிய பிள்ளை மறுநாள் கடலையும் அப்படியே நம்பி ஓடும். ஆபத்து அங்கேதான். கடலில் மேலே அலை கரைக்கு வரும்போதே, சில இடங்களில் நீரோட்டம் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் சிக்கி இறந்திருக்கிறார்கள். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும். அதைவிட, முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பதே நமக்கு நல்லது. காவலர்கள் உள்ள கரையைத் தேர்ந்தெடுங்கள். கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இருக்கிறது. குடித்தவர் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது.

இவ்வளவு வற்புறுத்த எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் இன்று கடற்கரை கிடையாது. ஆனால் நாம் குடியிருப்பது பழைய கடலின் தரையில். டைனோசர் காலத்தில் இங்கே கடல் புகுந்து, பின்வாங்கி, மறுபடி புகுந்தது. நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-லேயே இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து எழுதினார். காரைப் பக்கம் செம்மண் ஓடைகளில் சுருள் வடிவ அம்மோனைட்டுகள் கிடைத்தன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நம்மூர் ஆலத்தியூர் ராம்கோ ஆலை உட்பட இந்த வட்டாரத்துச் சிமென்ட் ஆலைகளெல்லாம் இங்கே வந்ததே அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான்.

நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக வைத்துக்கொண்டுதான் முதலாம் இராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிக் கடாரம் வரை கப்பற்படை அனுப்பினான். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், பிள்ளை பாடப்புத்தகத்தில் கடாரப் படையெடுப்பைப் படிக்கிறான். ஆனால் கடலை டி.வி.யில்தான் பார்த்திருக்கிறான் என்றால், அது நாம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் குறை. போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்ச் சிப்பிக் கல்லைக் காட்டுங்கள். பிறகு கோவளத்துக் கரையில் உயிருள்ள சிப்பியைக் காட்டுங்கள். விஞ்ஞானப் பாடம் அதற்கு மேல் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்னை வரை போகக் கையில் காசில்லாத வருஷம் பார்க்கை விட்டுவிடுங்கள், கடலை விடாதீர்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரையோ, 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடியோ நமக்கு அதைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன.

டூர் போடும் தலைமை ஆசிரியர்களையும் வேன் பேசும் அப்பாக்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கோடையில் ஒரே ஓர் இரவைக் கூட்டுங்கள். அப்பாயியையும் கட்டாயம் அழைத்துப் போங்கள்.