கருவறை வாசலில் ஒரு கட்டளை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் பெருவழியில் சூளகிரியைத் தாண்டியவர்கள் அங்கே எழும்பி நிற்கும் பாறைக் குன்றைப் பார்த்திருப்பார்கள். அது சூலத்தைப் போல் தோன்றுவதனால்தான் ஊருக்கு அப்பெயர் வாய்த்தது என்று ஊரார் சொல்லுவர். இப்பொழுது அந்தக் குன்றை நிமிர்ந்து பார்க்க யாருக்கும் பொழுதில்லை. லாரிகளும் தொழிற்சாலை பஸ்களும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. தேநீர்க் கடையில் ஒருவர் தமிழில் கேட்டால் மற்றொருவர் தெலுங்கில் பதில் சொல்லுகிறார். மூன்றாமவர் கன்னடத்தில் சிரிக்கிறார். ஆனாலும் வியாபாரம் சரியாகவே நடக்கிறது!

அத்தகைய கடையொன்றின் பெஞ்சியில் நம்முடைய நண்பர் சுபேதார் உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் மதராஸ் ஸாப்பர் படையில் சேர்ந்து, இந்தியாவின் நாலு எல்லைகளையும் பார்த்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர் அவர். பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இருவருக்கும் நடுவில் ஒரு பழைய பத்திரிகை.

"உத்தரவு என்றால் உத்தரவுதான், வாத்தியார் ஸார்! பட்டாளத்தில் அவனவன் யோசனைப்படி நடந்தால் சண்டை போடுவது யார்?" என்றார் சுபேதார்.

"அது சரி, சுபேதார் ஸார். ஆனால் 'சாமி கும்பிடு' என்பதும் உத்தரவில் சேருமா?" என்றார் வாத்தியார்.

விவாதத்துக்குக் காரணமான வழக்கை வாசகர்களில் பலர் அறிந்திருக்கலாம். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

சாமுவேல் கமலேசன் என்ற கிறிஸ்தவ இளைஞர் 2017-ஆம் வருஷம் நமது ராணுவத்தின் 3-வது குதிரைப் படையில் லெப்டினண்டாக நியமனம் பெற்றார். குதிரைப் படை என்பது பழைய பெயர். இன்று அது டாங்கிகளை ஓட்டும் படை. அவர் கீழிருந்த வீரர்கள் சீக்கியர்கள். வாரந்தோறும் ரெஜிமெண்டின் மத அணிவகுப்பு நடக்கும். வீரர்களை அழைத்துக்கொண்டு இவர் கோயிலுக்கும் குருத்துவாராவுக்கும் போவார். ஆனால் பூஜையும் ஆரத்தியும் நடக்கும் சமயத்தில் கருவறைக்குள் நுழையமாட்டேன் என்றார். "காலணியைக் கழற்றிவிட்டு மரியாதையோடு வெளி முற்றத்தில் நிற்கிறேன், உள்ளே சென்று வழிபாட்டில் சேர்ந்துகொள்ள என் மதம் இடங்கொடுக்கவில்லை" என்பது அவர் கட்சி.

மேலதிகாரிகள் பலமுறை எடுத்துச் சொன்னார்கள். கிறிஸ்தவப் போதகரைக் கொண்டும் சொல்ல வைத்தார்கள். அவர் இணங்கவில்லை. 2021-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், கோர்ட் மார்ஷல் விசாரணையின்றி, பென்ஷனும் கிராஜுவிட்டியும் இன்றி, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டில்லி ஹைக்கோர்ட்டார் 2025-ஆம் வருஷம் மே மாதம் 30ந் தேதி அந்த நீக்கம் சரியென்று தீர்ப்பளித்தார்கள். இங்கே எழுந்திருப்பது மத சுதந்திரப் பிரச்னையே அல்லவென்றும், மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்கு மேலாகத் தம் மதத்தை வைத்ததே குற்றம் என்றும் அவர்கள் கருதினார்கள். அதே வருஷம் நவம்பர் 25ந் தேதி, பிரதம நீதிபதி சூரிய காந்த் அவர்களும் நீதிபதி ஜாய்மால்யா பாக்சி அவர்களும் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்சு, அப்பீலைத் தள்ளிவிட்டது. இது பெரிய ஒழுங்கீனம் என்றும், இத்தகைய மனிதர் ராணுவத்துக்கு ஏற்றவரல்லர் என்றும் பிரதம நீதிபதி கடுமையாகவே சொன்னார்.

வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் வாத்தியாரின் கேள்வி முடியவில்லை.

சுபேதாரின் கட்சியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் அனுபவத்தின் கனம் இருக்கிறது. நம் ராணுவத்தில் ஓர் அதிகாரி தம் கீழுள்ள வீரர்களுடைய மதத்தைத் தம் மதம் போலவே கொண்டாடுவார் என்பது நெடுநாளைய மரபு. ஹிந்து அதிகாரி குருத்துவாராவில் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்காருகிறார். முஸ்லிம் அதிகாரி கோயில் பிரசாதத்தைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளுகிறார். நாளைக்கு இவர் "முன்னேறு" என்று சொன்னால் மரணத்தின் வாயில் நுழையவேண்டிய வீரர்கள், இன்று தங்கள் தெய்வத்தின் முன்னால் இவர் தங்களோடு நிற்கிறாரா என்று பார்ப்பது இயற்கைதானே? "எங்கள் வாசலோடு நின்றுவிட்டார்" என்று ஒரு சிப்பாயின் மனத்தில் தைத்துவிட்டால், அந்த முள்ளைச் சட்டப் புத்தகத்தைக் கொண்டு எடுத்துவிட முடியாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, நாம் கொஞ்ச தூரம் கிழக்கே பிரயாணம் செய்யவேண்டும். சூளகிரியைக் கடக்கும் பெருவழி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர்க் கோட்டைக்குப் போகிறது. திப்புவின் மீது படையெடுத்த கும்பெனிச் சைன்யங்கள் மிதித்த பூமி இது. 1792-இல் பாராமகாலும், 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கும்பெனியார் வசமாயின. அந்த யுத்தங்களில் வெள்ளைக்காரனுக்கு வெற்றி தேடிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்தாம்.

அந்தச் சிப்பாய்களுக்குச் சில வருஷங்களுக்குள் கிடைத்த வெகுமதி என்ன? சென்னைப் படையின் பிரதம தளபதி ஸர் ஜான் கிரடாக் ஓர் உத்தரவு போட்டார். உடுப்பு அணிந்திருக்கும்போது நெற்றியில் ஜாதி மதச் சின்னம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை எடுத்துவிட வேண்டும். மீசை ஒரே மாதிரி இருக்கவேண்டும். தலைக்குப் புது மாதிரித் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையில் தோலினால் செய்த குஞ்சம் இருந்தது. அது பசுத் தோலோ, பன்றித் தோலோ என்ற சந்தேகம் பிறந்தது. எல்லாரையும் கிறிஸ்தவர்களாக்கவே இந்த ஏற்பாடு என்ற வதந்தி பரவிற்று. ஆட்சேபித்தவர்களில் ஒரு ஹிந்துவையும் ஒரு முஸ்லிமையும் கசையால் அடித்துப் படையை விட்டு விரட்டினார்கள்.

1806-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10ந் தேதி, விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. வெள்ளைப் பட்டாளத்தில் 100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் வந்து கோட்டையை மீட்டபோது சிப்பாய்களில் சுமார் 350 பேர் மடிந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதற்கும் அதிகம் என்பாரும் உண்டு. கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் புதல்வர்களைப் பற்றிய அரசியலும் அதில் கலந்திருந்தது. சம்பளக் குறையும் இருந்தது. ஆனால் மருந்தில் நெருப்பு வைத்தது அந்த உத்தரவுதான். உத்தரவு வாபஸ் ஆயிற்று. மறு வருஷம் தளபதி கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் லண்டனிலிருந்த டைரக்டர்கள் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

கிரடாக்கும் நம் சுபேதாரைப் போலத்தான் எண்ணியிருப்பார்: "உத்தரவு என்றால் உத்தரவுதான்!" நெற்றியிலுள்ள நாமம் அவருக்கு ஓர் உடுப்புப் பிரச்னை. அதை இட்டுக்கொண்டவனுக்கோ அது தலைமுறை தலைமுறையாக வந்த தெய்வத்தின் அடையாளம். ஒருவனுடைய மதத்தில் எது முக்கியம், எது அற்பம் என்பதை அந்த மதத்துக்கு வெளியே நிற்கும் மேலதிகாரி தீர்மானித்தால் வரும் விபரீதத்தை வேலூர்க் கோட்டை நமக்குக் காட்டியிருக்கிறது.

"அப்படியானால் அவனவன் இஷ்டப்படி தாடியும் தலைமுடியும் வைத்துக்கொள்ளலாமா?" என்று சுபேதார் மடக்கினார்.

நியாயமான கேள்வி. இங்கேதான் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். "இதைச் செய்யாதே" என்பது ஒன்று; "இந்தத் தெய்வத்தை இப்படி வணங்கு" என்பது மற்றொன்று.

முதல் வகைக்கு உதாரணம் விமானப் படையில் தாடி வைத்துக்கொள்ள விரும்பிய ஒரு முஸ்லிம் கார்ப்பொரலின் வழக்கு. 2016-ஆம் வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. படையில் எல்லாரும் ஒரே தோற்றத்தோடு இருப்பது அவசியம் என்பது காரணம். முடி களைவதையே மதம் தடுக்கும் சீக்கியருக்கு விதியில் விலக்கு உண்டு. இவருடைய மதம் அவ்விதம் தடுப்பதாக ருசுவாகவில்லை என்றார்கள். அமெரிக்காவிலும் 1986-இல் இதுபோல் நடந்தது. விமானப் படையிலிருந்த யூத அதிகாரி ஒருவர் தலையில் சிறு குல்லாய் அணியக்கூடாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறு வருஷமே அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் இயற்றி, அடக்கமான மதச் சின்னங்களை அணிய அனுமதித்துவிட்டது. கோர்ட் மூடிய கதவைச் சட்டசபை திறக்கலாம் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வகை வேறு. அமெரிக்காவின் தரைப்படை, கடற்படை, விமானப்படைக் கலாசாலைகளில் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போயே தீரவேண்டும் என்று விதி இருந்தது. சிலர் வழக்குப் போட்டார்கள். சர்க்கார் தரப்பில் என்ன வாதித்தார்கள் தெரியுமா? "இது வழிபாட்டுக்காக அல்ல, பிற்காலத்தில் தங்கள் வீரர்களின் மத உணர்ச்சியை அறிந்து தலைமை தாங்குவதற்கான பயிற்சி" என்றார்கள். நம் வழக்கில் கேட்ட வாதந்தான்! வாஷிங்டன் அப்பீல் கோர்ட் 1972-இல் அதை ஏற்க மறுத்தது. கட்டாயம் ஒழிந்தது. அதனால் அமெரிக்கப் படை கலைந்துவிடவில்லை. பிரிட்டிஷ் தரைப்படையும் கட்டாயத் தேவாலய அணிவகுப்பை 1946-இலேயே கைவிட்டுவிட்டது. அவர்களுக்கு ராணுவ ஒழுங்கு தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் அரசியல் சட்டம் என்ன சொல்லுகிறது? 25-வது ஷரத்து ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. 33-வது ஷரத்து, ராணுவத்தினருக்கு அடிப்படை உரிமைகளைச் சட்டத்தினால் குறைக்கும் அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்குக் கொடுக்கிறது. அதன்படி 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவு, தொழிற்சங்கங்களிலும் மற்றச் சங்கங்களிலும் சேருவது, கூட்டங்களுக்குப் போவது, பத்திரிகைக்கு எழுதுவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்த வழி செய்கிறது. வழிபாடு அந்த ஜாபிதாவில் இல்லை. கீழ்ப்படியாமையைத் தண்டிக்கும் பிரிவும் "சட்டபூர்வமான கட்டளை" என்றுதான் பேசுகிறது. ஆக, வழிபாட்டில் கலந்துகொள் என்பது சட்டபூர்வமான கட்டளையாகுமா என்ற கேள்விக்குப் பார்லிமெண்டு வாய் திறந்து விடை சொல்லவில்லை. கோர்ட்டார் சொன்ன விடையை நாம் மதிக்கிறோம். அதற்காக அதைப் பற்றிச் சிந்திக்கக் கூடாதென்பதில்லை.

1986-இல் இதே சுப்ரீம் கோர்ட் கேரளத்துப் பள்ளிக் குழந்தைகள் மூவரின் வழக்கில் வேறு வழி காட்டிற்று. தேசீய கீதத்தைப் பாட அவர்கள் மதம் இடந்தரவில்லை; ஆனால் மற்றவர்கள் பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள். அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதினார். குழந்தைகள் வேறு, ராணுவ அதிகாரி வேறு என்பது உண்மைதான். எனினும், எழுந்து நிற்பதே மரியாதை என்று அங்கே கண்ட கோர்ட், முற்றத்தில் காலணி கழற்றி நிற்பதை இங்கே அவமரியாதையாகக் கண்டதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

நமது சுதந்திரப் போரில் பிறந்த ஒரு படையின் கதையையும் சொல்லவேண்டும். 1943-இல் சிங்கப்பூரில் செட்டியார்கள் நேதாஜியைத் தங்கள் கோயிலுக்கு அழைத்தார்கள். பிற மதத்தினருக்கும் தாழ்ந்த ஜாதியினர் எனப்பட்டவர்களுக்கும் இடமில்லாத கோயிலுக்குத் தாம் வருவதற்கில்லை என்றார் நேதாஜி. எல்லாரும் வரலாம் என்று கதவு திறந்தபிறகே போனார். உடன் சென்ற ஆபித் ஹஸன் இதைக் கூறியிருக்கிறார். அவரும் தளபதி கியானியும் முஸ்லிம்கள். எல்லார் நெற்றியிலும் திலகம் இட்டார்கள். வெளியே வந்ததும் நேதாஜி தம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்; தோழர்களும் அப்படியே செய்தார்கள். நேதாஜி நிபந்தனை விதித்தது கோயிலுக்கு. கூட வந்த தோழருடைய மனச்சாட்சிக்கு அல்ல. இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. அணிவகுப்புக்கு வரவேண்டும், வீரர்களோடு நிற்கவேண்டும், அவர்களுடைய தெய்வத்துக்கு மரியாதை காட்டவேண்டும் என்று ராணுவம் கட்டளையிடலாம், கட்டளையிட வேண்டும். ஆரத்தி எடுப்பதும், தொழுவதும், மண்டியிடுவதும் கட்டளைக்கு அப்பாற்பட்டவை என்று விதிப் புத்தகத்தில் முன்கூட்டியே தெளிவாக எழுதிவிடவேண்டும். எல்லை தெரிந்துவிட்டால் அதிகாரிக்கும் நல்லது, மேலதிகாரிக்கும் நல்லது. இன்று கருவறை வாசலில் நின்றவர் கிறிஸ்தவர். நாளை வேறொரு ஆலயத்தின் வாசலில் ஒரு ஹிந்துவோ, நாஸ்திகரோ நிற்கக்கூடும்.

சுபேதார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் கம்பெனியில் பாதிரியாரும் உண்டு, பண்டிதரும் உண்டு, மௌல்வியும் உண்டு. பொங்கலானாலும் பெருநாளானாலும் கிறிஸ்துமஸானாலும் எல்லாரும் வருவார்கள்" என்றார்.

"உள்ளே வந்து கும்பிட்டார்களா?" என்று கேட்டார் வாத்தியார்.

சுபேதார் சிரித்தார். "அதை யார் ஸார் பார்த்தார்கள்? வந்தார்களா என்று ரோல்கால் எடுத்திருக்கிறேன். கும்பிட்டார்களா என்று ஒருநாளும் ரோல்கால் எடுத்ததில்லை" என்று சொல்லிவிட்டு, இரண்டு தேநீருக்கும் தாமே காசு கொடுத்தார்.