எத்தனையாம் பக்கம்?

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் இலக்கியக் கூட்டங்களில் இரண்டு பெயர்கள் வராமல் போவது அரிது. ஒன்று அ. முத்துலிங்கம். மற்றது ஷோபாசக்தி. முதலாமவரைப் பற்றிக் கதை தொடங்கினால், "நல்லாத்தான் எழுதுறார், ஆனால் எங்கட பிரச்சினையைப் பற்றி என்ன எழுதினவர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். இரண்டாமவரைப் பற்றித் தொடங்கினால், "எழுத்தை விடுங்கோ, ஆள் எந்தப் பக்கம்?" என்று முன்வரிசையிலிருந்தே வரும். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் வாக்குவாதம் நடக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒருவராவது ஒரு கதையின் பெயரைச் சொல்லி, அதில் இன்ன இடம் கூடிவந்திருக்கிறது, இன்ன இடம் சறுக்கியிருக்கிறது என்று பேசினால் அது அதிசயம்.

இரண்டு கேள்விகளும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வருவதால் அவை எதிரெதிரானவை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான். புத்தகத்தைத் திறக்காமலேயே எழுத்தாளருக்குப் புள்ளி போட உதவுகிற கேள்வி அது.

முத்துலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். கொக்குவிலில் பிறந்தவர். 'அக்கா' தொகுப்பு 1964 இல் வந்தது. அடுத்த தொகுப்பான 'திகடசக்கரம்' வெளிவர 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஐ.நா. வேலையாக ஆபிரிக்க நாடுகளிலும் பாகிஸ்தானிலும் இருந்தவர், அந்த மண்ணின் மனிதரைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். "போரை எழுதவில்லை" என்று குற்றம் சாட்டுபவர்கள் 'கடவுள் தொடங்கிய இடம்' நாவலைப் படித்தார்களா? முகவரிடம் காசு கட்டி, அந்நிய நாட்டு அறைகளில் மாதக்கணக்காக அடைந்து கிடந்து, எல்லை எல்லையாகக் கடந்து வந்த எங்கள் பிள்ளைகளின் பயணம்தான் அந்த நாவல். அந்தப் பயணம் போரின் பகுதி இல்லையென்றால் வேறு எது?

நான் முத்துலிங்கத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அவரோடு சண்டை பிடிக்க நிறைய இடம் உண்டு. அவருடைய கதைசொல்லி அனேகமாக எப்போதும் பண்பானவர், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர். துயரம் பக்கத்தில் வரும்போது ஒரு நகைச்சுவையோ ஓர் அழகான உவமையோ குறுக்கே வந்து விழும். பல கதைகள் கடைசிப் பத்தியில் கதவை மிக நேர்த்தியாகச் சாத்திவிடுகின்றன. வாசகருக்கு வெளியே நின்று தவிக்க இடமில்லை. இந்த இலாகவம் பலமா பலவீனமா? எந்தக் கதையில் பலம், எந்தக் கதையில் பலவீனம்? இதைப் பற்றி இரவிரவாகச் சண்டை பிடிக்கலாம். ஆனால் அந்தச் சண்டைக்குக் கதைகளைப் படித்திருக்க வேண்டும். "எங்கட பிரச்சினை" என்ற கேள்விக்கு அது தேவையில்லை.

ஷோபாசக்தியிடம் வருவோம். 2001 இல் 'கொரில்லா' வந்தபோது எழுந்த கூச்சலில் அந்த நாவல் என்ன செய்கிறது என்ற கேள்வி காணாமல் போனது. அது பிரான்ஸின் அகதி விண்ணப்பம் ஒன்றின் வடிவத்தில், இலக்கமிட்ட பந்திகளில் தொடங்குகிறது. எங்களில் எத்தனை ஆயிரம் பேர் அப்படியொரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம், அல்லது காசு கொடுத்து எழுதுவித்திருக்கிறோம்! எங்கள் வாழ்க்கையை முதன்முதலாகக் கதையாக்கியது இலக்கியமல்ல, அந்த விண்ணப்பம்தான். அதையே நாவலின் வாசலாக வைத்தது தமிழ் உரைநடைக்குப் புதிது. ஊர்ச் சண்டியனான தகப்பனின் பட்டப்பெயரிலிருந்து தப்பி இயக்கத்துக்கு ஓடும் மகனை அந்தப் பெயர் அங்கேயும் துரத்துகிறது. தலைப்பின் இரட்டை அர்த்தம் அப்போதுதான் உறைக்கிறது. 'ம்' நாவல் 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையைத் தொடுகிறது. அதன் தலைப்போ கதை கேட்பவர் கொட்டும் ஒற்றை ஒலி.

இவருக்கு எதிராகவும் சொல்ல நிறைய உண்டு. அதிர்ச்சியை அளவுக்கு மிஞ்சி நம்புகிறார். சில கதைகளில் கடைசித் திருப்பத்துக்காகவே பாத்திரங்கள் உயிரோடு வைக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய பெண் பாத்திரங்கள் எத்தனை பேர் தங்கள் வாயால் பேசுகிறார்கள், எத்தனை பேர் துன்பப்படுவதற்கென்றே வந்து போகிறார்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவரை வெறுப்பவர்களும் இதைக் கேட்பதில்லை, கொண்டாடுபவர்களும் கேட்பதில்லை. வெறுப்பவர்களுக்கு "துரோகி" என்ற சொல் போதும். கொண்டாடுபவர்களுக்கோ, வெறுப்பவர்கள் வெறுக்கிறார்கள் என்பதே போதும்.

மறுபுறத்திலும் இதேதான் நடக்கிறது. குணா கவியழகனின் 'நஞ்சுண்ட காடு' இயக்கப் பயிற்சி முகாமுக்குள் எங்களைக் கூட்டிச் செல்கிறது. ஒரு சாரார் அதைப் புனித நூலாகத் தூக்கினார்கள், இன்னொரு சாரார் பரப்புரை என்று தள்ளினார்கள். பசியும் தண்டனையும் நட்புமாக ஓர் இளைஞனின் உடம்பு போராளியின் உடம்பாக மாறும் விதத்தை அந்த நாவல் எப்படிச் சொல்லுகிறது என்று பேசியவர்கள் எத்தனை பேர்?

இந்தப் பழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்துக் கதைகளில் பேச்சுமொழி வந்தபோது "இழிசனர் வழக்கு" என்று பண்டிதர்கள் பொங்கினார்கள். எஸ்.பொ.வின் 'தீ' வந்தபோது நாவலை விட்டு ஆளின் ஒழுக்கத்தை விசாரித்தார்கள். ஆனாலும் அந்தத் தலைமுறைக்கு ஒரு மரியாதை உண்டு. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதினார். வெங்கட் சாமிநாதன் அதைக் கிழித்து நீண்ட கட்டுரை எழுதினார். அதற்கு எம்.ஏ. நுஃமான் பதில் எழுதினார். மு. தளையசிங்கம் தன் வழியில் வேறொரு கணக்குத் தீர்த்தார். அவர்களிடம் கோபமும் காழ்ப்பும் இருந்தன. ஆனால் படித்துவிட்டுச் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டைகள் இன்றைக்கும் படிக்கத் தகுந்தவை.

எங்களுடைய பழக்கத்துக்குப் பின்னால் பயமும் இருக்கிறது. 1994 மே 1 அன்று பாரிஸில் சபாலிங்கம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நூல்களைப் பதிப்பித்தவர் அவர். எழுத்துக்கு உயிரை விலையாகக் கேட்ட காலத்தில் "ஆள் எந்தப் பக்கம்?" என்பது தற்காப்புக் கேள்வியாகவும் இருந்தது. விளங்கிக்கொள்கிறேன். ஆனால் 2009 மே மாதத்துக்குப் பிறகும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டுக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது? பயம் போன இடத்தில் சோம்பேறித்தனம் வந்து குந்தியிருக்கிறது.

"இவ்வளவு சனம் செத்த பிறகு கலைநயம் பேசுவதா?" என்று ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அரசியலை எடுத்துவிட்டு இந்தப் புத்தகங்களைப் படிக்க முடியாது என்பது சரிதான். நானும் அப்படிப் படிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாவலின் அரசியல் அதை எழுதியவரின் பேட்டியில் இருப்பதில்லை. யார் பேசுகிறார், யார் மௌனமாக்கப்படுகிறார், யாருடைய சாவு முழுப் பக்கம் பெறுகிறது, யாருடைய சாவு அரை வரியில் முடிகிறது என்பதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் படித்தே ஆக வேண்டும். செத்தவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அவர்களைப் பற்றி எழுதப்பட்டதைக் கவனமாகப் படிப்பது.

இதன் மறுபக்கம்தான் எங்கள் வெளியீட்டு விழாக்கள். மங்கல விளக்கு, அகவணக்கம், நான்கு உரைகள், சிறப்புப் பிரதி, காசு உறை. நான்கு உரைகளிலும் "காலத்தின் தேவை" என்ற சொற்றொடர் வந்தே தீரும். வலியை எழுதியிருக்கிறார், ஆகவே நல்ல புத்தகம் என்பது அங்கே எழுதாத சட்டம். வலியை மோசமாக எழுதலாம், பொய்யாகக்கூட எழுதலாம். வலிக்குக் கருணைப் புள்ளி போடுவது அதை அவமதிப்பதுதான். துரோகி என்று தள்ளுவதும் தியாகி என்று தூக்குவதும் ஒரே வேலை. இரண்டிலும் புத்தகம் உறைக்குள்ளேயே கிடக்கிறது.

இதில் நட்டம் யாருக்கு? வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' 2024 இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசை வென்றது. யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவி ஒருத்தியின் கதை. இராணுவத்தையும், இந்தியப் படையையும், இயக்கத்தையும் அது கேள்வி கேட்கிறது. 'முறிந்த பனை'யின் நிழலும் ராஜினி திராணகமவின் நினைவும் அதற்குள் உண்டு. "எங்கட பிள்ளை" என்று பெருமைப்பட்டோம், படவேண்டியதுதான். ஆனால் கோவிந்தன் 'புதியதோர் உலகம்' நாவலில் ஓர் இயக்கத்தின் உள்ளிருந்த கொடூரத்தைத் தமிழில் எழுதியது 1985 இல். தமிழில் எழுதியவருக்கு வசை, ஆங்கிலத்தில் எழுதியவருக்குப் பூங்கொத்து. இந்தக் கணக்கைப் பிள்ளைகள் கவனிக்கமாட்டார்கள் என்றா நினைக்கிறோம்?

இங்கே பிறந்து வளர்ந்த இளையவர்கள் தங்கள் பல்கலைக்கழக வகுப்புகளில் ஒரு நாவலை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள். அனுக் அருட்பிரகாசத்தையும் ஷியாம் செல்வதுரையையும் அப்படித்தான் படிக்கிறார்கள். தமிழ் நாவலைப் பற்றி எங்களிடம் கேட்டால் நாங்கள் கொடுப்பது ஒரு பெயர்ப்பட்டியல்: இவர் எங்கட ஆள், இவர் எங்கட ஆளில்லை. முப்பது வருடத்துச் சண்டையின் உள்விபரம் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்? 'கொரில்லா' ஆங்கிலத்தில் 2008 இலேயே வந்துவிட்டது. எங்களைத் தாண்டி நேரே புத்தகத்துக்குப் போய்விடுவார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் மொழிபெயர்க்கப்படாத நூற்றுக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களுக்கு இருக்கிற ஒரே வழி நாங்கள்தான். நாங்கள் வாசலில் நின்று அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எஸ்.பொ. புலம்பெயர்ந்தோர்தான் வருங்காலத் தமிழ் இலக்கியத்துக்குத் தலைமை தாங்குவார்கள் என்று சொன்னபோது கைதட்டினோம். எழுதுபவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். வாசிப்பவர்களின் பங்கு கிடப்பில் கிடக்கிறது. 1988 இல் ஜெர்மனியில் இலக்கியச் சந்திப்பைத் தொடங்கியவர்கள் கருத்து வேறுபாட்டோடு ஒரே அறையில் இருக்கலாம் என்று காட்டினார்கள். அந்த அறையில் இப்போது ஒரு புதிய விதி வேண்டும். யாராவது எழுந்து "இவர் எந்தப் பக்கம்?" என்று கேட்டால், கூட்டத்தை நடத்துபவர் மைக்கை அவரிடமே கொடுத்து மறுகேள்வி ஒன்று கேட்கட்டும்: எத்தனையாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லுறீங்கள்? பதில் வந்தால் விவாதம் தொடரட்டும். வராவிட்டால் தேத்தண்ணி இடைவேளை.