மலிவு டிக்கெட் யாருக்கு மலிவு?

லெம்பா பெர்த்தாம்: முன்பெல்லாம் விமான டிக்கெட் என்றால் பெட்டி, சாப்பாடு எல்லாம் ஒரே விலைக்குள் அடக்கம். 2001-இல் கடனில் கிடந்த ஏர் ஆசியாவை டோனி ஃபெர்னாண்டஸ் 1 வெள்ளிக்கு வாங்கிய பிறகு கணக்கு மாறியது. இருக்கை மட்டும் மலிவு, மற்றதற்குத் தனிக்காசு. 2008 டிசம்பரில் அந்த விமானம் திருச்சிக்கும் பறந்தது. கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கேமரன்மலைத் தோட்டங்களில் இருப்போருக்கும், ஊர் கிட்டத்தில் வந்தது உண்மைதான்.

ஆனால் இருக்கை குறையக் குறைய விலை ஏறும். ஆறு மாதம் முன்பே தேதி குறிக்கும் கல்யாணத்துக்கு இது சரி. ராத்திரியில் 'பெரியப்பா தவறிவிட்டார்' என்று போன் வந்தால்? தோட்டச் சம்பளக்காரர் கொடுப்பது கடைசி நேர விலை. காரியம் முடிந்து திரும்பும்போது உறவினர் கட்டித்தரும் மூட்டைக்கு, கவுண்டரில் கட்டினால், இன்னும் கூடுதல்.