பாமாவை 'மீனிங்' எழுதி முடிச்சுடாதீங்க

1/ புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறினதுல மார்க் பத்தி மட்டும்தான் பேசறோம். பிளஸ் டூ இங்கிலீஷ் புத்தகத்துல என்ன இருக்குன்னு பார்த்தோமா?

2/ பாமா இருக்காங்க. 1992-ல 'கருக்கு' எழுதின நம்ம பாமா. தெருப் பெரியவர் ஒருத்தர், நிலத்துக்காரருக்கு வாங்கின பலகாரப் பொட்டலத்தைக் கைபடாம நூலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறார். பார்த்துச் சிரிக்கிற சின்னப் பொண்ணுக்கு அண்ணன் காரணம் சொல்றார்: தீண்டாமை.

3/ இதை நம்ம பசங்க இங்கிலீஷ்ல படிக்கிறாங்க. 'ஹ்யூமிலியேஷன் = அவமானம்'னு நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணா பாடம் முடிஞ்சுதா?

4/ டாக்டரா சொல்றேன். 'ஹைப்பர்டென்ஷன்'னு மட்டும் சொன்னா நோயாளி தலையாட்டிட்டுப் போயிடுவார். உடம்புல என்ன நடக்குதுன்னு தமிழ்ல புரிஞ்சாதான் மாத்திரையை ஒழுங்கா போடுவார். வகுப்பும் அப்படித்தான்.

5/ டீச்சர்ஸ், முதல்ல தமிழ்ல கேளுங்க: "இது இன்னும் எங்கெல்லாம் நடக்குது?" பசங்க பேசட்டும். ஆனா எந்தப் பிள்ளையையும் எழுப்பி "உனக்கு நடந்திருக்கா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. அதுவே இன்னொரு அவமானம்.

6/ சொல்ல விஷயம் வந்தப்புறம் இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுங்க. பரீட்சைக்கும் உதவும், நாளைக்கு ஒரு அதிகாரி முன்னாடி தன் நியாயத்தைப் பேசவும் உதவும்.