பழைய வண்டியானாலும் சொந்த வண்டி

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 46. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, 50 சென்டில் மல்லிகை வைத்திருக்கிறார். பூ உச்சத்தில் இருக்கும் நாளில் 10 கிலோ வரை கிடைக்கிறது. முன்பு சைக்கிளில் 7 கிலோமீட்டர் மிதித்துப் பூக்கடைக்குக் கொண்டுபோனார். இரண்டு வருடமாக முழங்கால் வலி. அதனால் தினம் 50 ரூபாய் கொடுத்து லோடு ஆட்டோவில் அனுப்புகிறார். உள்ளூரில் ஒருவர் 2019ஆம் வருடத்து டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியை 24,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். "இந்த வயசுல எதுக்கு அண்ணி வண்டி?" என்கிறார் கொழுந்தன். வாசகியின் கேள்வி: ஆசைக்காக வாங்குவது வீண் செலவா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். போக வர 14 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் எட்டரை லிட்டர் பெட்ரோல். சுமார் 870 ரூபாய். ஆயில், பிரேக், டயர் தேய்மானத்துக்கு மாதம் 200 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். ஆட்டோ வாடகை 1,500 ரூபாயில் இவை போக மிச்சம் 430 ரூபாய்தான். இந்த மிச்சத்தை மட்டும் நம்பினால், வண்டி விலை திரும்ப நாலரை வருடம் ஆகும். பூ குறைந்துபோகும் மார்கழி, தை மாதங்களைச் சேர்த்தால் இன்னும் இழுக்கும். இன்சூரன்ஸ் செலவு தனி. ஆகவே வாடகை மிச்சத்துக்காக மட்டும் இந்த வண்டியை வாங்க வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய கடிதத்தில் வேறு இரண்டு வரிகள் இருக்கின்றன. ஆட்டோ எல்லார் வீட்டுப் பூவையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப ஏழரை மணி ஆகிறது. அதற்குள் காலை விலை இறங்கிவிடுகிறது. இன்னொன்று, இரண்டு வருடமாகத் தன் பூவை எடை போடுவதை அவர் நேரில் பார்க்கவே இல்லை. எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சீட்டில் எழுதி வருவதுதான் எடை, சொல்லி அனுப்புவதுதான் விலை என்று ஆகிவிட்டது. விளைவித்தவர் தராசுக்கு எதிரில் நிற்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதை 430 ரூபாயோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இவர் சைக்கிள் கற்றது 13 வயதில். 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில், புதுக்கோட்டைக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்றும் கேலி பேசினார்கள். பேச்சு நின்றுபோனது, சைக்கிள் நிற்கவில்லை. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் அந்தச் சைக்கிள்களில்தான் போயின.

வாங்குவதென்றால், சந்தையில் மாடு பிடிப்பது போலத்தான் வண்டியையும் பார்க்க வேண்டும். மடி பெருத்துத் தெரிவதற்காக ஒரு வேளை கறக்காமல் மாட்டைக் கொண்டுவரும் ஆட்கள் உண்டு. அதேபோல் நாம் போவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சின் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். ஆகவே விடிகாலையில் போய், எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டி. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் உள்ளே ஆயில் எரிகிறது என்று பொருள், செலவு காத்திருக்கிறது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டில் லேசான புகை இயல்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாட்டுக்குப் பல் போல, வண்டிக்கு வயது சொல்வது டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடத்து டயரில் பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பிடி ரப்பர், கால் வைக்கும் ரப்பர், செயின் பல் சக்கரம் ஆகியவற்றின் தேய்மானம் பொய் சொல்லாது. ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பி, எங்கும் சிக்காமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போனால், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

அடுத்தது காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35உம் கேட்டு வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாள். "உள்ளூர்க்காரர்தானே, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டால், நாளை ஒரு விபத்து நடக்கும்போது இருவருக்கும் அலைச்சல். நிலத்தைக் கிரயம் செய்துவிட்டுப் பட்டா மாற்றாமல் விட்டால் என்ன தொல்லையோ, அதே தொல்லைதான் இதுவும். பதிவு 15 வருடத்துக்குச் செல்லும் என்பதால் 2019 வண்டிக்கு 2034 வரை கவலை இல்லை.

லைசென்ஸ் கட்டாயம். கியர் இல்லாத வண்டிக்கு என்று தனிப் பிரிவு உண்டு. முதலில் பழகுநர் உரிமம், 30 நாள் கழித்து ஓட்டிக்காட்டும் தேர்வு. 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் வைக்க வேண்டும்.

சைக்கிள் ஓட்டியவருக்குச் சமநிலை ஏற்கெனவே கைவந்தது. புதிதாகப் பழக வேண்டியது வலது கைதான். பயந்தால் கை இறுகும், இறுகினால் ஆக்ஸிலேட்டர் முறுகும், வண்டி பாயும். பயம் வந்ததும் கையைத் தளர்த்தி பிரேக்கைப் பிடிக்கும் பழக்கம் வரும்வரை களத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பூ மூட்டையை முன்பக்கத் தட்டில் தாழ்வாக வைத்து, ஹேண்டில் திரும்ப இடம் விட்டுக் கட்ட வேண்டும். முந்தானையை இறுகச் செருக வேண்டும். பின் சக்கரத்துக்குச் சேலைத் தடுப்பு இருக்க வேண்டும். ஏழு கிலோமீட்டர்தானே என்று ஹெல்மெட்டை வீட்டில் வைக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு வண்டியைக் களத்தில் ஓட்டிப் பழகியபோது, மிதிக்காமலே மேடு ஏறியதும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறார் வாசகி. முழங்கால் வலியோடு அதே மேட்டில் சைக்கிளைத் தள்ளியவருக்குத்தான் அந்தச் சிரிப்பின் அருமை தெரியும். வட்டிக்கு வாங்காமல், கையிருப்பில் அடுத்த பருவத்து உரம், மருந்து, பறிகூலிக்கு எடுத்துவைத்தது போக 24,000 ரூபாய் மிஞ்சினால் வாங்கலாம். மிஞ்சாவிட்டால் ஒரு பருவம் பொறுக்கலாம். அதற்குள் லைசென்ஸ் எடுத்துவிடலாம். ஆசையும் ஒரு தேவைதான். அதைச் செலவுக் கணக்கில் ஒளிக்காமல் எழுதி வாங்குகிறவர் ஏமாறுவதில்லை.