அழுகையின் ஓசையும் சொல்லும்

ஆங்கிலத்தில் குரலெழுப்பி அழுவதைச் சுட்டும் ‘பூஹூ’ என்பது அழுகுரலைப் போலிசெய்து பிறந்த சொல். அதாவது, கேட்ட ஓசையையே சொல்லாக்கும் ஒலிக்குறிப்பு இனத்தைச் சேர்ந்தது. எனினும், இன்றைய வழக்கில் அது துயரத்தைச் சொல்வதைக் காட்டிலும் பிறர் துயரத்தை எள்ளுவதற்கே மிகுதியும் பயன்படுகிறது. ஜொகூர்-ரியாவ் வழக்கை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த செந்தர மலாயிலோ, விக்கலையும் குறிக்கும் ‘செடு’ என்னும் சொல் ‘தெர்செடு-செடு’ என இரட்டித்து, மூச்சு இடற அழுவதை எள்ளலின் சாயல் சிறிதுமின்றி உணர்த்துகிறது. இவ்விரு மொழிகளோடும் நாள்தோறும் புழங்கும் ஜொகூர்த் தமிழருக்குத் தம் மொழியில் இருக்கும் செல்வம் இவற்றிற்குக் குறைந்ததன்று: ‘கோ’வென்று கதறுவதும், பச்சிளங்குழந்தை ‘குவா குவா’வென வீரிடுவதும் நேரடி ஒலிக்குறிப்புகள், விம்மல் அடக்க முயன்றும் நெஞ்சு பொங்கி எழுவது, விசும்பல் தாழ்ந்த குரலில் தொடர்வது, கேவல் மூச்சு தடைப்பட்டு வெளிப்படுவது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவு, இழவு, அசைவு, வறுமை என அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினை வகுத்ததே தவிர, அழுகையின் ஓசைகளை வகுக்கவில்லை. அந்த நுண்பணியைப் பேச்சு வழக்கே (இலக்கணத்தாரின் அனுமதிக்குக் காத்திராமல்) செய்து முடித்தது. ஆகவே, மாணவரின் சிறுகதையில் எல்லா மாந்தரும் வெறுமனே ‘அழுதார்கள்’ என்றே வருமாயின், ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அங்கே சற்று நின்று, எப்படி அழுதார்கள் என்று கேட்க வேண்டும்.