செல்போன் கடையில் பிறக்கும் கணக்குகள்

புது செல்போன் வாங்கியதும் கடைப் பையனே பெட்டியைப் பிரித்து, சிம்மைப் போட்டு, “பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க” என்று கேட்டு ஒரு ஜிமெயில் கணக்கையும் திறந்து கொடுத்துவிடுவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. கடவுச்சொல்லையும் அவரே போடுவார்; பெரும்பாலும் பெயரோடு ஒரு 123. அதைப் பெட்டியின் மூடியில் எழுதிக் கொடுத்தால் உண்டு. பெட்டி பரணுக்குப் போய்விடும். மூன்று வருடம் கழித்து அந்த போன் தண்ணீரில் விழுந்து, அடுத்த போன் வாங்கப் போகும்போது பழைய கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. “புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்ண்ணே” என்பார் பையன்.

பழைய கணக்கில் ஏறிய மகள் கல்யாணப் படங்களும், அப்பா கடைசியாக ஊருக்கு வந்தபோது எடுத்த வீடியோவும் அங்கேயே கிடக்கும். அதுவும் எத்தனை நாளைக்கு? இரண்டு ஆண்டுகளாக யாரும் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்குகளை உள்ளே இருப்பவற்றோடு அழிப்பது என்று கூகுள் முடிவெடுத்து, 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது.

திருடன் வராமலேயே நடக்கும் இழப்பு இது. வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேட் ஹோனனின் கதையை விடத் தெளிவான உதாரணம் இல்லை. அமெரிக்காவின் ‘வயர்டு’ இதழில் தொழில்நுட்பம் பற்றியே எழுதிவந்தவர் அவர். 2012 ஆகஸ்ட் 3 அன்று மாலை அவருடைய ஐபோன் திடீரென்று அணைந்தது. அடுத்து ஐபேட், மேக்புக் எல்லாம் தொலைவிலிருந்தே துடைத்தெடுக்கப்பட்டன. கூகுள் கணக்கு அழிந்தது. ட்விட்டர் கணக்கில் யாரோ இனவெறிப் பதிவுகளைப் போட்டார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. அமேசான் உதவி மையத்துக்கு போன் போட்டுப் பேசியே அவருடைய கணக்குக்குள் நுழைந்து, கடன் அட்டையின் கடைசி நான்கு எண்களைப் பார்த்தார்கள். அந்த நான்கு எண்களையும் முகவரியையும் ஆப்பிள் உதவி மையத்தில் சொன்னதும் தற்காலிகக் கடவுச்சொல் கிடைத்துவிட்டது. ஒரு நிறுவனம் சாதாரணமாகத் திரையில் காட்டிய எண்களை இன்னொரு நிறுவனம் அடையாளச் சான்றாக ஏற்றுக்கொண்டது. திருடர்களுக்கு வேண்டியிருந்ததோ அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர் மட்டுமே. ஹோனன் பறிகொடுத்தது மகள் பிறந்த முதல் ஓராண்டின் படங்களை. அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. தரவு மீட்பு நிறுவனம் ஒன்று 1,690 டாலர் வாங்கிக்கொண்டு அவற்றை மீட்டுத் தந்தது அவருடைய நல்ல காலம். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கூகுள் கணக்கில் போட்டு வைத்திருந்தால் இது நடக்காமலே போயிருக்கலாம் என்று பிறகு அவரே எழுதினார்.

ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது வங்கிகள் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஓரளவு மனதில் பதிந்துவிட்டது. மின்னஞ்சல் விஷயத்தில் அந்தக் கவனம் இன்னும் வரவில்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்று எங்கே அழுத்தினாலும் புதுச் சாவி பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. சாவிக்கொத்தே அதுதான். அதற்கென்று தனிக் கடவுச்சொல் வேண்டும். அதை வேறெந்தச் செயலிக்கும் போடக் கூடாது. 2009-ல் ‘ராக்யூ’ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியே கொட்டியபோது அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இப்படிக் கசிந்த பட்டியல்களை வைத்துக்கொண்டுதான் மற்ற தளங்களின் பூட்டுகளையும் திருப்பிப் பார்க்கிறார்கள்.

கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைப்பது தப்பு என்று படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைக் கடிந்துகொள்வதுண்டு. பெரியவர்கள் செய்வதுதான் சரி. எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் நம் வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடும்போது கூகுள் தரும் பத்து அவசர எண்களையும் அதே நோட்டில் எழுதி வைத்தால், போன் தொலைந்த அன்றைக்குக் கணக்கும் சேர்ந்து தொலையாது. வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்க பின் ஒன்றைப் போட்டுவிட வேண்டும்.

பிரதி எடுக்கும் விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஓரிடத்தில். ‘படமெல்லாம் கூகுள் போட்டோஸ்ல இருக்கு’ என்பார்கள். இடம் அடைகிறதே என்று போனில் ஒரு படத்தை அந்தச் செயலி வழியாக அழித்தால் அங்கேயும் அது குப்பைக்குப் போகும். 60 நாளில் அடியோடு மறையும். இலவசமாகத் தருகிற 15 ஜிபி நிரம்பிவிட்டால் புதுப் படங்கள் ஏறுவதே நின்றுவிடும். அதனால் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கட்டும். மாதம் ஒருமுறை படங்களை அதில் ஏற்றிவிட்டுக் கழற்றி வைத்துவிட வேண்டும். கணினியிலேயே செருகிக் கிடந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

அரசாங்கங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களுக்கு பேக்கப் இல்லை. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்தும் அதில் போயிற்று. பேக்கப் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் 1998-ல் தவறான ஒரு கட்டளையால் அழிந்தபோது, அதைத் தயாரித்த பிக்சார் நிறுவனத்திடம் பேக்கப் இருந்தது. திறந்து பார்த்தால் ஒழுங்காக வேலை செய்யவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியதில் நாலு படத்தையாவது அவ்வப்போது திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இவ்வளவையும் தனிமனிதர் தலையிலேயே கட்டிவிட முடியாது. போன் விற்கும் இடத்திலேயே இது தொடங்க வேண்டும். கார்டில் பணம் கட்டும்போது கடைக்காரர் மெஷினை நம் கையில் நீட்டி, ‘பின் போடுங்க’ என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஜிமெயில் கடவுச்சொல் போடும் நேரத்திலும் கடைப் பையன் அதையே செய்யலாம். கூடவே, பழைய கணக்கைத் திறக்க முடியுமா என்று ஒரு பத்து நிமிடம் முயன்று பார்க்கலாம்.